திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம் போடுகிறார்கள்?

#1 பொன்மலை
திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு (பலாலி விமான நிலையம்) டிக்கெட் பார்க்கும்போது ஒரு சந்தேகம். ஒரு தளத்தில் பறக்கும் நேரம் 22 நிமிடம், இன்னொன்றில் 44 நிமிடம். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம் அளவில் இருக்கிறது. தூரமும் ஒன்றுபோல் இல்லை: 99, 114, 184 என்று மூன்று எண்கள். திரும்பி வந்து அன்று மாலையே திருச்சி ஜங்ஷனில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் எந்த எண்ணை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 கடல்மைல்
முதலில் தூரம். மூன்று எண்களும் சரிதான், அலகுதான் வேறு. 99 கடல் மைல், 114 சாதாரண மைல், 184 கிலோமீட்டர் எல்லாம் ஒரே தூரம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். திருச்சி விமான நிலையம் 10.765 வடக்கு, 78.710 கிழக்கு. பலாலி 9.792 வடக்கு, 80.070 கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 0.973 பாகை. இந்தப் பகுதியில் ஒரு பாகை 110.6 கி.மீ., ஆகவே வடக்கு-தெற்காக 107.6 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 1.360 பாகை. இங்கே ஒரு பாகை சுமார் 109.5 கி.மீ., ஆகவே கிழக்கு-மேற்காக 149 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 184 வரும். பூமி உருண்டை என்பதற்காகப் பெரிய சூத்திரம் எல்லாம் இவ்வளவு சின்னத் தூரத்துக்குத் தேவையே இல்லை. வித்தியாசம் ஓடுபாதையின் நீளத்தைக்கூடத் தொடாது.

சில தளங்கள் விமான நிலையத்துக்குப் பதிலாக ஊரின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்கின்றன. யாழ் நகரத்துக்கும் பலாலிக்கும் சாலை வழியாக 18 கி.மீ. போல இருப்பதால் அதிலேயே எண் மாறிவிடும்.

இனி அந்த 22 நிமிடம். இங்கே ஓடும் ஏடிஆர் 72 விமானத்தின் அதிகபட்சப் பயண வேகம் மணிக்கு 510 கி.மீ. 184-ஐ 510-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22 நிமிடம். ஏறுவதும் இறங்குவதும் இல்லாமல், இரண்டு ஓடுபாதைக்கும் நடுவே முழு வேகத்தில் வீசியெறிந்தது போன்ற கணக்கு அது. 44 நிமிடம் சொல்லும் தளம் 800 கி.மீ. வேகத்தில் ஜெட் பறப்பதாக வைத்து 14 நிமிடம், அதன்மேல் பொதுவாக 30 நிமிடம் கூட்டியிருக்கும். விடை உண்மைக்குக் கிட்டே வந்தது தற்செயல். இந்தத் தடத்தில் ஓடுவது ஜெட் இல்லை, ப்ரொபெல்லர் விமானம்.

#3 கடல்மைல் (தொடர்ச்சி)
உண்மையான நேரம் எப்படிச் சேருகிறது என்று பார்க்கலாம்.

திருச்சியிலிருந்து பலாலி தென்கிழக்கே, ஏறக்குறைய 126 பாகைத் திசையில் இருக்கிறது. கிழக்கு நோக்கிப் போகும் விமானங்களுக்கு ஒற்றைப்படை உயரங்கள் என்பதால் பெரும்பாலும் 11,000 அல்லது 13,000 அடி. திரும்பும்போது இரட்டைப்படை, 10,000 அல்லது 12,000. இதற்குமேல் ஏறிப் பயனில்லை, ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

13,000 அடி என்று வையுங்கள். ஏடிஆர் நிமிடத்துக்கு சராசரியாக 1,100 அடி ஏறும். அந்த உயரத்துக்கு ஏறக்குறைய 12 நிமிடம், அதற்குள் 39 கடல் மைல் ஓடியிருக்கும். இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது கைக்கணக்கு. அதுவும் 39. ஆக 99-ல் 78 கடல் மைல் ஏறி இறங்குவதிலேயே போய்விடுகிறது. நடுவில் மிஞ்சுவது 21 கடல் மைல், ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. விளம்பரத்தில் வரும் அந்த 510 கி.மீ. வேகத்துக்கு வேலையே அந்த ஐந்து நிமிடம்தான்.

ஏற 12, மட்டமாக 5, இறங்க 9 அல்லது 10. வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேராக வந்து சேர இன்னும் 4 முதல் 7. சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை 30 முதல் 35 நிமிடம். கிளம்புமுன் தரையில் உருண்டு போக 6 முதல் 8, இறங்கி நிற்க 4. கூட்டினால் 40 முதல் 47 வரும். டிக்கெட்டில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் மீதி 15 நிமிடம் தாமதத்தை ஈடுகட்ட வைக்கும் கையிருப்பு.

#4 வலிகாமம் வடக்கு
கடல்மைல் அண்ணை சொன்ன கணக்குச் சரி. பலாலிப் பக்கத்தில இன்னும் ஒரு விசயம் சேர்க்கவேணும். இஞ்ச ஓடுபாதை 05/23 (50 பாகை, 230 பாகைத் திசை), அதாவது வடகிழக்கு-தென்மேற்காகக் கிடக்குது. திருச்சியில இருந்து வாற விமானம் வடமேற்கில இருந்து வருது. ஓடுபாதைக்குக் கிட்டத்தட்டக் குறுக்காத்தான் வந்து சேரும். எந்தப் பக்கத்தால இறங்கினாலும் வளைஞ்சுதான் வரவேணும்.

05 பாவனையில இருந்தா வேலணைப் பக்கம் வந்து, அங்கயிருந்து வடகிழக்கா முகம் திருப்பி இறங்கும். 23 எண்டா பலாலியைத் தாண்டி, வல்வெட்டித்துறைக்கு வடக்க கடலுக்கு மேலால போய்த் திரும்பி வரவேணும். இறங்க முன்னம் 10 கடல் மைல் நேர்ப்பாதை வைச்சுப் பார்த்தா 05-க்கு 8 கடல் மைல் கூட, 23-க்கு 13 கடல் மைல் கூட. இறங்கிற நேரத்து வேகத்தில அது இரண்டரை நிமிசமும் நாலு நிமிசமும். வானம் தெளிவா இருந்து, விமானி கண்ணால பார்த்துக் குறுக்கா வந்தா இது பாதியாக் குறையும்.

பறப்புக் கண்காணிக்கிற தளங்களில 200, 210 கி.மீ. எண்டு காட்டுறது இந்த வளைவுகளையும் சேர்த்துத்தான். அதைப் பார்த்து 184 பிழை எண்டு நினைக்க வேண்டாம்.

#5 மன்னார்புரம்
அப்படியென்றால் ஆடி மாதக் காற்றில் போகும்போது சீக்கிரம் போய்விடும், வரும்போது நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாமா? தென்மேற்குப் பருவக்காற்று முதுகில் இருந்து தள்ளுமே.

#6 கடல்மைல்
அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள், இந்தத் தடத்தில் அது பொருந்தாது. ஓடுபாதையும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன.

தென்மேற்குப் பருவத்தில் மேலே 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) மேற்குக் காற்று என்று வைப்போம். பலாலி நோக்கிப் போகும் விமானத்துக்கு அதில் 20 நாட் பின்னாலிருந்து கிடைக்கும். மொத்தப் பயணத்தில் மிச்சமாவது இரண்டு நிமிடம். ஆனால் காற்றை எதிர்த்தே கிளம்பி இறங்க வேண்டும் என்பதால் திருச்சியில் 27-ல், அதாவது மேற்கு நோக்கிக் கிளம்ப வேண்டியிருக்கும். போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி, 140 பாகைக்கு மேல் திரும்ப வேண்டும். அங்கே இரண்டு நிமிடம். பலாலியில் 23, அங்கே நாலு நிமிடம். காற்று கொடுத்த இரண்டை ஓடுபாதைகள் ஆறாகத் திருப்பி வாங்கிக்கொள்கின்றன.

அதே நாளில் திரும்பும்போது காற்று முகத்தில் அடிக்கும், இரண்டு நிமிடம் போகும். ஆனால் திருச்சி 27-ல் இறங்க வருபவருக்குத் தென்கிழக்கிலிருந்து ஏறக்குறைய நேர்வழி. கூடுதல் தூரம் 2 கடல் மைல்தான். ஆகவே ஆடியில் எதிர்காற்றில் வரும் பயணம்தான் சற்று முந்தி முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் இது தலைகீழ். திருச்சியில் 09-ல் கிளம்பினால் மூக்கு ஏற்கெனவே கிழக்கே இருக்கும், 36 பாகை திரும்பினால் போதும். பலாலியில் 05. போவது சுருக்கம். திரும்பும்போதுதான் வினை: 09-ல் இறங்க வேண்டுமென்றால் திருச்சியைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும். 10 கடல் மைல் நேர்ப்பாதை என்றால் 18 கடல் மைல் கூடுதல், ஆறு நிமிடம். இந்தத் தடத்தில் மிக நீண்ட பயணம் மழைக்காலத்தில் திரும்பி வருவதுதான். மேகத்தைச் சுற்றிப் போவது அதற்கு மேல்.

#7 பொன்மலை
இவ்வளவு இருக்கிறதா! சரி, சென்னை – யாழ்ப்பாணம் இதைவிட இரட்டிப்புத் தூரம். ஆனால் டிக்கெட்டில் கால் மணி நேரம்தான் கூடுதல். அங்கே மட்டும் வேகமாக ஓட்டுகிறார்களா?

#8 கடல்மைல்
வேகம் ஒன்றுதான், விமானமும் அதே வகைதான். சென்னை – பலாலி நேர்க்கோட்டில் 354 கி.மீ., 191 கடல் மைல். திருச்சியைவிட 92 கடல் மைல் அதிகம். இரண்டு பயணத்திலும் தரையில் உருளுவது, ஏறுவது, இறங்குவது, வளைந்து சேருவது எல்லாம் ஏறக்குறைய ஒன்று. கூடுதலான 92 கடல் மைலும் மட்டமாகப் பறக்கும் பகுதியில் மட்டும் சேரும். அதை 265 நாட் வேகத்தால் வகுத்தால் 21 நிமிடம். ஆகவே தூரம் ஏறக்குறைய இரட்டித்தும் நேரம் பாதியளவுதான் கூடுகிறது.

இதைத்தான் குறுந்தடங்களில் எல்லோரும் தவறவிடுகிறார்கள். 35 நிமிடம் போல அசையாத பகுதி ஒன்று இருக்கிறது, விமானம் 150 கி.மீ. மட்டும் போனாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். தூரத்தை வேகத்தால் வகுக்கும் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

சென்னை பக்கம் இன்னொன்றும் உண்டு. அங்கே இறங்க வரிசை இருக்கும், ஏடிஆரை ஜெட்டுகளுக்கு நடுவே செருக வேண்டும். ஆகவே சென்னைக்கு வருவது, சென்னையிலிருந்து போவதைவிட நீளும். திருச்சியில் அந்தத் தொல்லை குறைவு.

#9 மன்னார்புரம்
ஜெட் விட்டால் இந்த நேரம் குறையாதா?

#10 சுமைத்தாள்
ஐந்து நிமிடம் குறையும், அவ்வளவுதான். 10,000 அடிக்குக் கீழே ஜெட்டுக்கும் 250 நாட் வரம்பு உண்டு. அதன் முழு வேகத்தைத் தொடும் உயரத்துக்கு ஏறவே இங்கே தூரம் போதாது. எரிபொருளோ ஏடிஆரைவிட மூன்று மடங்குக்குக் குறையாது. 180 இருக்கையை நிரப்ப ஆளும் வேண்டும். 2019 அக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியதும் ஏடிஆரில்தான். 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது அதே வகை விமானத்தில். தடத்துக்குப் பொருத்தமான விமானம் இதுதான் என்பது என் கருத்து.

தூரம், நேரம் பற்றிப் பேசுகிறோம், எடையையும் சேர்த்துப் பேச வேண்டும். "விமானம் வந்தது, பெட்டி வரவில்லை" என்ற புகார் ஏடிஆர் தடங்களில் வருவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

ஏடிஆர் 72-600: கிளம்பும்போது உச்சம் 23,000 கிலோ. இறங்கும்போது 22,350. எரிபொருள் இல்லாத எடை, அதாவது விமானமும் ஆட்களும் சாமான்களும் மட்டும், 21,000. வெறும் விமானம் ஊழியர்களோடு 13,500-ஐ ஒட்டி வரும். மிச்சம் 7,500. 78 இருக்கையும் நிரம்பி, ஆளுக்குக் கைப்பையோடு 80 கிலோ போட்டால் 6,240. பெட்டிகளுக்கு மீதி 1,260, தலைக்கு 16 கிலோ. எல்லோரும் கூடுதல் பணம் கட்டி 25 கிலோ கொண்டுவந்தால் அது எங்கே போகும்? நிரம்பிய விமானத்தில் கூடுதல் லக்கேஜ் அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படுவது இந்தக் கணக்கால்தான். கவுண்டரில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

#11 வலிகாமம் வடக்கு
போக வரத் தேவையான எண்ணெயை ஒரேயடியாத் திருச்சியிலயே அடிச்சுக்கொண்டு வந்தா எடை தாங்குமோ?

#12 சுமைத்தாள்
நல்ல கேள்வி. தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வழிக்கு 400 கிலோ. எதிர்பாராத செலவுக்கு 50: பயண எரிபொருளில் 5 சதவீதம் அல்லது ஐந்து நிமிடம் சுற்றும் அளவு, எது அதிகமோ அது. கடைசிக் கையிருப்பு 30 நிமிடத்துக்கு 300. இறங்க முடியாவிட்டால் போகும் மாற்று நிலையத்துக்குத் தனி.

திரும்பும் பயணத்துக்கு மதுரை மாற்று என்றால், திருச்சியிலிருந்து 66 கடல் மைல், 300 கிலோ. ஆக பலாலியில் இறங்கும்போது தொட்டியில் 400 + 50 + 300 + 300, தரையில் உருள 20, மொத்தம் 1,070 இருக்க வேண்டும். இறங்கும் எடை வரம்பு 1,350 வரை இடம் தருகிறது. தாங்கும், 280 கிலோ மிச்சத்தோடு. ஆனால் மதுரையிலும் மழை, சென்னைதான் மாற்று என்றால் 158 கடல் மைல். அதற்கு 550 கிலோ வேண்டும், மிச்சம் 30-ஆகச் சுருங்கிவிடும். மேகத்தைச் சுற்ற இன்னும் நூறு கிலோ வேண்டும் என்று விமானி கேட்டால் பெட்டியைத்தான் இறக்க வேண்டும். கார்த்திகையில் பெட்டி பின்தங்க வாய்ப்பு அதிகம் என்பதற்கு இதுவே காரணம்.

பலாலியில் இறங்க முடியாமல் போனால் எங்கே போவார்கள் என்பதும் தூரக் கணக்குதான். கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கா 156 கடல் மைல். மதுரை 117. கிளம்பிய திருச்சி 99. கிட்டத்தில் இருப்பது கிளம்பிய இடமே! அதனால் வானிலை கெட்டால் கொழும்புக்குத் திருப்புவதைவிடத் திருச்சிக்கே திரும்பி வந்துவிடுவது இயல்பு. யாழ்ப்பாணத்தில் வண்டி அமர்த்திக் காத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள்.

#13 பட்டுக்கோட்டையார்
ஒரு பயம் கேட்பதற்கு. பாதித் தூரம் கடல்தானே, இரண்டு எஞ்சின் விமானம் இது. பெரியவர்களை அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள்.

#14 கடல்மைல்
ஐயா, நேர்க்கோடு உங்கள் ஊருக்குச் சற்றுத் தெற்கே போய், மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடக்கிறது. அங்கிருந்து காங்கேசன்துறை – கீரிமலைக் கரை வரை கடல் 88 கி.மீ. நட்டநடுவில்கூட ஏதோ ஒரு கரை 45 கி.மீ.க்குள் இருக்கும். ஒரு எஞ்சினில் பறந்தாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கரையைத் தொட்டுவிடலாம். உயிர்காப்பு உடை கட்டாயம் என்று சர்வதேச விதி வைத்திருக்கும் எல்லை கரையிலிருந்து 50 கடல் மைல். இந்தப் பாதை அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. இருந்தும் இருக்கைக்கு அடியில் உடை இருக்கும். தயங்காமல் அனுப்புங்கள்.

பெரியவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஏடிஆருக்கு ஏரோபிரிட்ஜ் கிடையாது. 2024-ல் திறந்த திருச்சி புது முனையமாக இருந்தாலும் தரையில் இறங்கி, நடந்தோ பேருந்திலோ போய், வாலருகே உள்ள கதவில் ஐந்தாறு படி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுவது நல்லது. ஏறும்போது வலது எஞ்சின் இரைந்துகொண்டிருக்கலாம், ஆனால் அதன் ப்ரொபெல்லர் அசையாமல் நிற்கும். கோளாறு இல்லை. தரையில் மின்சாரமும் ஏசியும் தரத் தனியாக ஒரு சின்ன எஞ்சின் இதில் கிடையாது. அதனால் ப்ரொபெல்லருக்கு பிரேக் போட்டுவிட்டு வலது எஞ்சினையே அதற்குப் பயன்படுத்துவார்கள்.

#15 வலிகாமம் வடக்கு
நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் இருக்குது, 2023 ஒக்டோபரில துவங்கினது. 110 கி.மீ. அளவு, நாலு மணித்தியாலம் போல. சாமான் கனக்க உள்ளவைக்கு அது வசதி, ஆனா கடல் கொந்தளிக்கிற மாதங்களில நிண்டு போகும். முந்தி திருச்சியில இருந்து கொழும்புக்கு 417 கி.மீ. பறந்து, பேந்து யாழ்ப்பாணத்துக்கு எட்டு மணித்தியாலம் பஸ்ஸில வந்தவை கனபேர். அதோட ஒப்பிட்டா இந்த 184 பெரிய கொடை. உண்மையில இது புதுப் பாதையும் இல்லை: 1947 டிசம்பரில எயார் சிலோன் பறந்த முதல் பயணமே இரத்மலானையில இருந்து காங்கேசன்துறை வழியா மதராசுக்குத்தான்.

#16 பொன்மலை
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ரயில் விஷயம். திரும்பி வரும் விமானத்துக்கும் ரயிலுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது?

#17 கடல்மைல்
இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்று, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். டிக்கெட்டில் உள்ள நேரத்தை மாற்றிக் கணக்கிட வேண்டாம். 15 நிமிடம் வரை தாமதத்தை விமானத் துறை தாமதமாகவே எண்ணுவதில்லை. அதன்பின் குடிவரவு, பெட்டி, சுங்கம். 78 பேர்தான், ஆனால் அதே நேரத்தில் வளைகுடா அல்லது சிங்கப்பூர் விமானம் இறங்கியிருந்தால் அந்த வரிசையும் சேரும். ஒரு மணி நேரம் வையுங்கள். ஜங்ஷனுக்குச் சாலையில் இருபது முப்பது நிமிடம். மொத்தத்தில் இறங்கும் நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் இருந்தால் போதும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நாலு மணி நேரம். திருச்சிக்கு மேலே மழை கொட்டினால் சுற்றிக்கொண்டே காத்திருப்பதும் மதுரைக்குப் போய்த் திரும்புவதும் உண்டு.

இருக்கை தேர்வு செய்ய முடிந்தால் பின்வரிசை எடுங்கள். ப்ரொபெல்லர் முன்பகுதிக்கு நேராக இருப்பதால் இரைச்சல் அங்கேதான். கதவும் பின்னால் இருப்பதால் முதலில் இறங்கிக் குடிவரவு வரிசையில் முன்னால் நிற்கலாம். போகும்போது இடது ஜன்னல். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. வானம் தெளிந்திருந்தால் கரையைத் தாண்டிய சில நிமிடங்களில் கோடிக்கரை முனை தெரியும்.